எங்கள் தெரு மரங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் அடித்த காற்றில் நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன. புறநகரில் இருக்கும் எங்கள் தெருக்களும் தப்பவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கன்று நட ஆள் குறைந்ததே இல்லை. நட்டவர்களுக்குப் பொன்னாடை, போட்டோ எல்லாம் அன்றைக்கே ஆகிவிட்டது. அடுத்து வந்த கோடைகளில் அந்தக் கன்றுகளைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதல் நன்றி இஸ்திரி வண்டி அண்ணனுக்கு. புங்கனோ வேம்போ, முதல் இரண்டு மூன்று கோடையைத் தாண்டிவிட்டால் பிறகு தானாகவே பிழைத்துக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று கோடைதான் கஷ்டம். கத்திரி வெயிலில் தன் வண்டிக்குப் பக்கத்துக் கன்றுக்கு மட்டுமல்ல, வரிசையில் இருந்த எல்லாவற்றுக்கும் அடிபம்பில் அடித்து வாளி வாளியாக ஊற்றியவர் அவர். இன்று அங்கே வண்டிக்கு நிழல் இருக்கிறது, ஆட்டோ ஸ்டாண்டும் வந்துவிட்டது!

எங்கள் பகுதி லைன்மேனுக்கு அடுத்த நன்றி. கம்பி போகும் பக்கத்துக் கிளைகளை மொத்தமாகக் கழித்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விடுவதுதான் பல இடங்களில் வழக்கம். பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம் அடுத்த புயலில் அந்தப் பக்கமே விழும். இவர் மழைக்கு முன்னால் வந்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கவாத்து செய்கிறார். வெட்டும்போது கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பில் கத்தி படுவதில்லை. அந்தப் புடைப்பு முழுசாக இருந்தால்தான் காயம் மூடும் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர், ஓய்வுபெற்ற வனத்துறை ஐயா. புங்க இலையில் வெள்ளைக் கோடு கோடாக விழுந்ததும் மருந்தடிக்கக் கிளம்பிய எங்களைத் தடுத்தவரும் அவர்தான். இலைக்குள் இருந்து தின்னும் ஒரு சின்னப் புழுவின் வேலை அது, மரம் அதனால் சாகாது என்றார். சாகவில்லை.

மழைநீர்க் கால்வாய் தோண்டியபோது நடந்தது தனிக்கதை. தாங்கும் வேரை அறுத்தால் மரம் உடனே வாடாது. பச்சையாகவே நின்று, அடுத்த காற்றில் சாயும், பழி புயலின் மேல் போகும். ஒரு நீர்மருதின் பெரிய வேர் தெரிந்ததும் ஜேசிபி ஓட்டிய தம்பி தானாகவே நிறுத்திவிட்டார். ஒப்பந்தக்காரர் கத்தினார். வேலைக்கு வந்திருந்த அம்மாக்கள் கடப்பாரையை வாங்கி, வேரைச் சுற்றிக் கையாலேயே தோண்டி முடித்தார்கள். உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மரம் நிற்கிறது, அம்மா.

என்னைக் கேட்டால், நாட்டு மரமா அயல் மரமா என்ற சண்டையைவிட வேருக்கு இடம் விட்டோமா என்பதுதான் முக்கியம். மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை (குல்மோஹர்) சீக்கிரம் ஒடியும், வாஸ்தவம். ஆனால் வர்தாவில் வேம்பும் விழுந்ததே! அடிமரம் வரை பேவர் பிளாக் போட்டு மூடினால் எந்த வேருக்குத் தண்ணீரும் காற்றும் கிடைக்கும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் சொன்னது டெல்லிக்காகத்தான். அதை எங்கள் வார்டுக்கும் பொருத்திப் பார்த்து, போட்ட கல்லைப் பெயர்த்துக் கொடுத்த பொறியாளருக்கு மனமார்ந்த நன்றி.

சருகைக் குவித்து அடிமரத்திலேயே கொளுத்துவதை நிறுத்தி, குழிக்குக் கொண்டுபோகும் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு, மரத்தில் அடித்த விளம்பர ஆணிகளைப் பிடுங்க ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, நடுவதற்குப் பூவரசம்போத்து (கிளைத்துண்டு) வெட்டிக் கொடுத்த பக்கத்து ஊர் விவசாயிக்கு, எல்லோருக்கும் நன்றி. ‘மூலம், பௌத்திரம்’ தகடுகளைப் பிடுங்கப் பிடுங்க மறுபடி அடிக்கிறார்கள், அது ஓயாது போலிருக்கிறது. தன் டியூஷன் போர்டைத் தானே கழற்றிய மாஸ்டருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம், வாசலில் குப்பை விழுகிறதென்று தினமும் திட்டிக்கொண்டே, வெட்ட வந்த ஆளை மட்டும் திருப்பி அனுப்பிய மூன்றாவது தெரு மாமிக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கன்றாக இருந்தபோது வைத்த இரும்புக் கூண்டு சில மரங்களின் பட்டையை இறுக்க ஆரம்பித்திருக்கிறது. இலையில் உண்டாகும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், அதனால் தள்ளிப்போட முடியாது. வெல்டிங் கடைத் தம்பி வரும் ஞாயிறு காலை கட்டிங் மெஷினோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூண்டைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். வருகிறவர்களுக்கு இப்போதே நன்றி.

இப்படிக்கு,
தெரு மரங்களைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்போர் சார்பில்