சைக்காவ்ஸ்கி: தேதியும் கடிதங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கி பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், ஆறாவது சிம்பொனி அரங்கேறியது 1893 அக்டோபர் 16, அவர் இறந்தது நவம்பர் 6 என்று வந்திருக்கிறது. முன்னது பழைய ரஷ்ய நாட்காட்டி, பின்னது இன்றைய நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யத் தேதிக்கு 12 நாள் கூட்ட வேண்டும். அக்டோபர் 28 என்று திருத்தினால், இடைவெளி 21 நாள் அல்ல, ஒன்பதே நாள்.

இதைவிடப் பெரிய பிழை, திருமணம் முறிந்த பழியை மனைவி அந்தோனினா தலையில் கட்டியது. ஆண்கள் மீதே தமக்கு நாட்டம் என்பதைத் தம்பி மொதேஸ்துக்கு எழுதிய கடிதங்களில் சைக்காவ்ஸ்கி மறைக்கவில்லை, தம்பியும் அப்படிப்பட்டவரே. ஊர் வாயை மூடத்தான் கல்யாணம் என்பது 1876ஆம் ஆண்டுக் கடிதங்களிலேயே தெரிகிறது. 1877 ஜூலையில் மணந்தார். சேர்ந்து வாழ்ந்தது மூன்று மாதம்கூட இல்லை. விவாகரத்தும் கடைசிவரை ஆகவில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

மொதேஸ்து எழுதிய வாழ்க்கை வரலாறு இதைத் தொடவே இல்லை. கடிதங்களின் சோவியத் காலப் பதிப்புகளில் இந்த வரிகளை வெட்டிவிட்டார்கள். மூலங்கள் ரஷ்யாவின் கிளின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெட்டுப்பட்ட பதிப்பை நம்பி எழுதினால் ‘கூச்ச சுபாவம்’, ‘பொருந்தாத மனைவி’ என்றுதான் வரும்.

சைக்காவ்ஸ்கி நஞ்சு குடித்து இறந்தார் என்ற பேச்சுக்கு நேரடிச் சான்று கிடையாது. மருத்துவர்கள் சொன்னது காலரா. திருத்தம் வெளியிடும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்.

பியானோ ஆசிரியர்கள் சிலர்,
கொடைக்கானல்