நெப்டியூன் கிடைத்தது, வல்கன் கிடைக்கவில்லை

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பி கல்யாணத்துக்கு நீ வராத கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. நேரில் வந்து நீயே சமாதானம் செய்துகொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "கணிப்பு பொய்த்தால் கோட்பாடு காலி, அறிவியல் தத்துவ அறிஞர் பாப்பர் சொன்னது இவ்வளவுதான்" என்று போனில் ஒரே போடாகப் போட்டாயே, அது மனசை விட்டுப் போகவே இல்லை. ஹாஸ்டல் மெஸ் பஞ்சாயத்து மாதிரி இதையும் ஒரே வரியில் முடிக்கப் பார்க்கிறாய்!

யுரேனஸை எடுத்துக்கொள். 1781-இல் ஹெர்ஷல் கண்டுபிடித்த கோள். நியூட்டன் விதிப்படி போட்ட கணக்குக்கு அது அடங்கவில்லை. நீ சொல்வதுபோல் என்றால் நியூட்டனை அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டும். பாரிஸில் லெவெரியே என்ற வானியலாளர் என்ன செய்தார்? கண்ணில் படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு பெர்லினில் காலே என்ற வானியலாளருக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23, கடிதம் கிடைத்த அன்று இரவே காலே தொலைநோக்கியில் தெரிந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, டாரஸ்ட் என்ற மாணவர் நட்சத்திர வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் வரைபடத்தில் இல்லை. அதுதான் நெப்டியூன்! சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிகூடத் தள்ளியில்லை.

அப்புறம் புதன். அதன் பாதை நியூட்டன் கணக்கைவிட நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புகிறது. ஒரு டிகிரியில் எண்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. 1859-இல் அதே லெவெரியே அதே வழியில் போனார்: சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. சூரியனை அது கடந்ததைப் பார்த்ததாக ஒரு கிராமத்து டாக்டர் சொன்னார், லெவெரியே நம்பினார். ஆனால் அப்படி ஒரு கோளே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றியபோதுதான் கணக்கு நேரானது.

ஒரே ஆள், ஒரே யுக்தி. எது பலிக்கும் என்று முன்கூட்டி யாரால் சொல்ல முடியும்? எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, கூடவே வேறு ஊகங்களின் ஒரு கூட்டம் வருகிறது. பொய்த்தது அதில் எது என்று சோதனை சொல்லாது என 1906-இலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் டுயேம் எழுதிவிட்டார்.

பாப்பருக்கும் இது தெரியும், மாப்ளே. கோட்பாட்டைக் காப்பாற்ற நீ சேர்க்கும் புது ஊகம் அதைச் சோதிக்கும் வாய்ப்பைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது என்கிறார். லெவெரியே இரண்டு முறையும் 'இங்கே பார்' என்றார். பார்க்க முடிந்தது, அதனால் தோற்கவும் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் தெரியுமா? நம்ம செட் குரூப்பில் 'விஞ்ஞானிகளே மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்' என்று சொல்லித் தடுப்பூசியே வேண்டாம் என்கிறான் நம்ம குண்டன். எந்த ஆதாரம் காட்டினாலும் 'அதை மறைத்துவிட்டார்கள்' என்கிறான். லெவெரியே மாதிரி 'இங்கே பார்' என்று அவன் சொல்வதில்லை; மறைத்ததாகச் சொல்வதை எங்கே போய்ப் பார்ப்பது? அவன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சொன்னால் கேட்கமாட்டான், நீ சொன்னால் கேட்பான். இந்த வாரமே அவனுக்குப் போன் போடு.

உன்,
பழைய ரூம்மேட்