மோசின் போல்ட்டைத் திறக்க வைத்த பெரியவருக்கு

பெயரைச் சொல்லாமலே போய்விட்டீர்கள் ஐயா. அதனால்தான் இந்த நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

என்னுடையது ராணுவம் கழித்துவிட்ட பழைய மோசின்-நாகன்ட் 91/30 என்ற ரஷ்யத் துப்பாக்கி. சுட்டதும் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து அடைக்கும் உருளையின்) கைப்பிடி மேலே எழும்பாது, உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். போல்ட்டை ராவு, ஸ்பிரிங்கை மாற்று என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நீங்கள் மட்டும்தான், "தோட்டா இல்லாமலும் இறுகுதா, சுட்ட பிறகு மட்டும் இறுகுதா?" என்று கேட்டீர்கள். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. காலியாக இருக்கும்போது தாராளமாக ஓடுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது சேம்பரை, அதாவது சுடும்போது தோட்டா உட்கார்ந்திருக்கும் குழலின் பின்பகுதியை.

கிடங்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய காஸ்மோலின் கிரீஸ் சேம்பர் சுவரில் காய்ந்து படிந்திருந்தது. நாலைந்து குண்டு போனதும் சூட்டில் அது இளகி, தோட்டாக் கூட்டைப் பிசின்போலப் பிடித்துக்கொள்ளும். தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, கரைப்பானில் நனைத்த வெண்கலப் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் திருகினேன். சேம்பர் அகலத்துக்கு ஏற்ற பிரஷ் வேண்டும். குழலுக்கான ஒல்லிப் பிரஷ் சுவரைத் தொடாது. துணி வெள்ளையாக வரும்வரை பழுப்புப் பிசுக்கு வந்துகொண்டே இருந்தது.

தோட்டா உள்ளே போகும்போது சிக்கினால் அது வேறு கதை. இதன் 7.62×54 தோட்டாவுக்கு அடிப்பக்கம் புடைத்த விளிம்பு உண்டு அல்லவா, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொள்ளும். அதையும் விளக்கினீர்கள்.

உப்புத்தாளை எடுக்கவிடாமல் தடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. சேம்பர் அளவு கெட்டிருந்தால் சரிசெய்ய வழியே இருந்திருக்காது.