ஐநூறு சிசி காலமும் உன் கோபமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் இன்னும் அடம்பிடித்துக்கொண்டிருக்கிறாய் போல. எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. டிவியில் பைக் நம்பர் இப்போது பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் எல்லாரும் சுகம். பேரனுக்கு மோட்டோஜிபி பைக் ரேஸ் வீரர் மார்க் மார்க்கேஸ் மேல் பைத்தியம் முற்றிவிட்டது. அவனோடு உட்கார்ந்து ஒரு ரேஸ் விடாமல் பார்க்கிறேன்.

நீயோ இனிமேல் ரேஸே பார்க்கப்போவதில்லை என்கிறாய். "ஓட்டுவது கம்ப்யூட்டர், மேலே உட்கார்ந்திருப்பது பொம்மை, நாம் பார்த்ததுதான் பொற்காலம்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி விஷயத்தில் நான் உன் கட்சிதான். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒத்துப்போவதைச் சொல்லிவிடுகிறேன். சத்தம். 2001இல் வாலெண்டினோ ரோஸி ஜெயித்ததோடு, உலக பைக் ரேஸின் உச்சப் பிரிவாக இருந்த ஐநூறு சிசி பட்டம் முடிந்தது. அடுத்த வருஷமே 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகள் வந்துவிட்டன. அந்த டூ ஸ்ட்ரோக் கூட்டம் ஒன்றாகக் கிளம்பும்போது எழும் கீச்சுக் குரல், பின்னால் நிற்கும் நீலப் புகை, அந்த எண்ணெய் வாசனை... இதெல்லாம் போனது எனக்கும் இழப்புதான், அதில் பேச்சே இல்லை. 1992இல் ஹோண்டா நான்கு சிலிண்டரையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெடிக்க வைத்தபோதே அந்தக் கீச்சுக் குரல் அடங்கி உறுமலாகிவிட்டது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பின் டயருக்குப் பிடிப்பை மீட்டுக்கொள்ள ஒரு கண நேரம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரியாக வேலை செய்ததால் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, அந்த பைக்குகள் வழுக்கியது. 130 கிலோ எடை, 180 குதிரைத்திறன். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்துவிட்டு, குறிப்பிட்ட ஆர்பிஎம் வந்ததும் அத்தனை சக்தியும் ஒரே மூச்சில் பாயும். வளைவின் நடுவில், பைக் சாய்ந்து கிடக்கும்போது அது நடந்தால் பின்சக்கரம் வெளியே நழுவும். பயந்து ஆக்ஸிலரேட்டரை மூடினால் இன்னும் மோசம். டயர் சட்டென்று தரையைப் பிடித்துக்கொள்ள, பைக் மாடு முட்டித் தூக்கி எறிவது போல ஆளைத் தலைக்கு மேலே வீசிவிடும். ஹை சைடு. கென்னி ராபர்ட்ஸ், லாசன், ரெய்னி எல்லாரும் அமெரிக்க மண் டிராக்கில் ஓட்டிப் பழகி வந்தவர்கள். நழுவும் சக்கரத்தை மூடாமல், திறந்தும் விடாமல், அந்த நடுக்கோட்டில் வைத்தே வளைவைக் கடப்பார்கள். மணிக்கட்டு எவ்வளவு வேலை செய்கிறது என்பது நமக்கு டிவியிலேயே தெரியும். இன்று அந்த வேலையை எலெக்ட்ரானிக்ஸ் பங்குபோட்டுக்கொள்கிறது என்று நீ குறைபட்டால், அதை நான் மறுக்க மாட்டேன்.

1991இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் டிராக்கில் நடந்த ரேஸின் கடைசி லேப் நினைவிருக்கிறதா? கேட்பதே தப்பு, உனக்கு எப்படி மறக்கும்? ஸ்டேடியம் பகுதிக்குள் நுழையும் முன்னால் ரெய்னி பிரேக் பிடித்தாகிவிட்டது. நம் ஆள் ஷ்வாண்ட்ஸ் இன்னும் பிடிக்கவில்லை. அப்புறம் பிடித்தார் பார், அந்த சுஸுகியின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடியது. விழுந்தே விட்டார் என்று நினைத்தோம். விழாமல் உள்பக்கமாகப் புகுந்து முன்னால் போய் ஜெயித்தார்.

சரி, இனி சண்டைக்கு வருகிறேன். அந்தக் காலம் முழுக்க ஹாக்கன்ஹைம் மாதிரியே இருந்ததாகவா எண்ணுகிறாய்? 1968இல் ஐநூறு சிசியில் பத்து ரேஸ், பத்திலும் ஜெயித்தது இத்தாலிக்காரர் அகோஸ்தினிதான். எதிர்த்து நிற்க ஹோண்டாவும் இல்லை, அதை ஓட்டிய ஆங்கிலேயர் ஹெயில்வுட்டும் இல்லை. 1997இல் பதினைந்தில் பன்னிரண்டை டூஹன் அள்ளிக்கொண்டு போனார். அப்போது நீயே பாதியில் எழுந்து போனவன்தான். நல்ல பத்து ரேஸை மட்டும் கேசட்டில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். மீதியை அழித்து வேறு எதையோ பதிவு செய்துவிட்டோம். அந்தக் கேசட் அலமாரியைத்தான் நீ பொற்காலம் என்கிறாய்.

இன்னொன்று. நமக்குப் பொற்காலம், சரி. ஓட்டியவர்களுக்கு? 1972இல் பொதுச் சாலையிலேயே ஓட்டும் மேன் தீவு டிடி ரேஸில் நண்பர் பார்லோட்டி செத்த பிறகு, அங்கே இனி ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார் அகோஸ்தினி. ஐந்து வருஷத்துக்கு முன் அதே பாதையில் ஹெயில்வுட்டோடு அவர் போட்ட சண்டையைத்தான் இன்றைக்கும் நாம் மெய்சிலிர்க்கப் பேசுகிறோம். ஹெயில்வுட்டின் ஹோண்டாவில் ஆக்ஸிலரேட்டர் கைப்பிடி கழன்று ஆட, பிட்டில் சுத்தியலால் தட்டிச் சரிபண்ணிக்கொண்டு போனார். அகோஸ்தினிக்குச் செயின் அறுந்தது. சுத்தியலையும் செயினையும் நினைவு வைத்திருக்கிறோம், பார்லோட்டியை மறந்துவிட்டோம். பார்லோட்டி செத்த மறு வருஷம், 1973இல், இத்தாலியின் மோன்ஸாவில் ஒரே விபத்தில் சாரினனும் பாஸோலினியும் போனார்கள். ஃபின்லாந்தின் இமாத்ராவில் ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து ஓட்டினார்கள். நாம் ரசித்துப் படித்தோம். ஓட்டியவர்கள் 1979இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் புதிதாகப் போட்ட தார் வழுக்குகிறது என்று பைக்கை விட்டு இறங்கிவிட்டார்கள். பாதுகாப்பும் பரிசுப் பணமும் கேட்டு, தனிப் போட்டித் தொடரே நடத்தப்போகிறோம் என்று ராபர்ட்ஸ் கிளம்பியதும் அந்த வருஷம்தான். அது கைகூடவில்லை, ஆனால் பரிசுப் பணம் ஏறியது.

அதே 1979இல் சில்வர்ஸ்டோனில் முந்திக்கொண்டு போன ஷீன், முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டி ராபர்ட்ஸைச் சீண்டினாரே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் 0.03 வினாடியில் ராபர்ட்ஸ் ஜெயித்தார். அந்தக் குறும்பும் இந்தப் போராட்டமும் ஒரே ஆட்களுடையது. குறும்பை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டது நாம்தான்.

நான் எதற்கு இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நாம் கொண்டாடிய அந்த வழுக்கலும் அவர்களை முறித்துப் போட்ட ஹை சைடும் ஒன்றுதான்டா. 1992இல் நெதர்லாந்தின் அஸ்ஸனில் கால் உடைந்த டூஹனின் இரண்டு கால்களையும் ரேஸ் டாக்டர் கோஸ்டா சேர்த்துத் தைத்து வைத்தார், ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடக் கூடாதென்று. அப்படியும் கடைசி இரண்டு ரேஸுக்குத் திரும்பி வந்து, நான்கே புள்ளியில் பட்டத்தை ரெய்னியிடம் விட்டார். மறு வருஷம் இத்தாலியின் மிசானோவில் முன்னால் போய்க்கொண்டிருந்த ரெய்னி விழுந்தார். நெஞ்சுக்குக் கீழே எல்லாம் செயலிழந்து போயிற்று. பட்டம் ஷ்வாண்ட்ஸுக்கு வந்தது. இத்தனை வருஷம் அதற்காகக் காத்திருந்த நீயே அன்றைக்குக் கைதட்டவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் வேண்டாம் என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு மிசானோ வந்து முன்னால் நிற்கிறது.

இன்றைய ரேஸில் குறை இல்லை என்று சொல்லவில்லை. பைக்கில் மாட்டும் இறக்கைகள் கிளப்பும் காற்றில் பின்னால் வருபவனின் முன் டயர் சூடாகி அழுத்தம் ஏறிவிடுகிறது, பக்கத்தில் போகவே முடிவதில்லை. டயர் அழுத்தம் குறைந்ததென்று ரேஸ் முடிந்த பிறகு தண்டனை கொடுப்பது எனக்கும் எரிச்சல்தான். வளைவிலிருந்து வெளியேறும்போது பைக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவி இருக்கிறதே, அதைக் கண்டாலே பிடிக்காது. 2027இல் அதற்குத் தடை, இறக்கைகளுக்கும் கத்தரி, இன்ஜினும் 850 சிசி. உன் புலம்பலில் பாதியை அவர்களே கேட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.

ஆனால் மனுஷன் காணாமல் போய்விட்டான் என்று மட்டும் சொல்லாதே. 2020 ஹெரெஸில் மார்க்கேஸுக்கு வலது மேற்கை எலும்பு உடைந்தது. நான்கு ஆபரேஷன். நாலைந்து வருஷம் விழுந்து விழுந்து எழுந்து, ஹோண்டாவையும் விட்டுவிட்டு, 2025இல் டுகாட்டியில் மறுபடி சாம்பியன். டூஹன் கதைக்கு நீ கண் கலங்கினால் இதற்கும் கலங்க வேண்டும். அவர் எவ்வளவு தடவை விழுந்தும் நடந்து போகிறார் என்றால், உடைக்குள் இருக்கும் ஏர்பேகுக்கும் அதில் பங்கு உண்டு. அதையும் பொம்மை என்பாயா?

அப்புறம் ஒரு விஷயம். 2022இல் இங்கிலாந்தின் குட்வுட் வாகன விழாவில் ரெய்னி மறுபடி பைக் ஓட்டினார், தெரியுமா? கையாலேயே எல்லாவற்றையும் இயக்கும்படி மாற்றிய பழைய யமஹா. பக்கத்தில் ராபர்ட்ஸ், ஷ்வாண்ட்ஸ், டூஹன். நீ பார்க்கவில்லையென்றால் வீடியோவை அனுப்பச் சொல்கிறேன், பேரனுக்கு அதெல்லாம் கைவந்த கலை. ஷ்வாண்ட்ஸுக்கு நம்மைவிட முடி கொட்டியிருக்கிறது என்று நான் சொன்னால் நம்பமாட்டாய்.

அகோஸ்தினியா ஹெயில்வுட்டா என்ற பழைய வழக்குக்கு வருகிறேன். 122 வெற்றி, 15 பட்டம் என்று நீ எண்ணை நீட்டுவாய். பதினொரு வருஷம் கழித்து, 38 வயதில், 1978இல் டிடிக்குத் திரும்பி வந்து டுகாட்டியில் ஜெயித்தவர் ஹெயில்வுட். என் தீர்ப்பு மாறவில்லை. பதில் எழுது, திட்டியாவது எழுது.

பரணைச் சுத்தம் செய்து பழைய ரேஸ் பத்திரிகைகளைத் தூக்கிப் போடப்போவதாக உன் மகன் ஃபோனில் சொன்னான். போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீயும் சொல். கட்டி எனக்கு அனுப்பு, கூரியர் செலவு என்னுடையது. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முட்டி விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேள்.

அன்புடன்,
உன் பழைய ஹெயில்வுட் கட்சிக்காரன்