தம்பி ஐடஹோ போவதைப் பற்றி

வித்யாரண்யபுரா,
பெங்களூரு.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூர் விமானப்படையில் ஏவியானிக்ஸ், அதாவது விமானத்து மின்னணுக் கருவி வேலை பார்க்கும் உன் மகனுக்கு, நம் தம்பிக்கு, அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மவுண்டன் ஹோம் தளத்துக்கு மாற்றல் வந்திருப்பதையும், அதைக் கேட்டதிலிருந்து தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும் படித்தேன். "சிங்கப்பூருக்கு உழைக்கத்தானே விமானப்படையில் சேர்ந்தான், அதை எதுக்குடா அமெரிக்காவுல போய்ச் செய்யணும்?" என்று கேட்டிருக்கிறாய். தங்கச்சியிடமும் படித்துக் காட்டும்படி, இதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள சேதி. எல்லோரும் நலம். வீட்டில் இவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மகள் வேலை மாறிவிட்டாள், இப்போது அலுவலகம் மான்யதா பக்கம் என்பதால் இருட்டுமுன் வீடு வந்துவிடுகிறாள். ஊர் நிலத்துக் குத்தகை விஷயத்தை உன் அண்ணனிடம் பேசிவிட்டேன், அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போது தம்பி விஷயம். சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். எங்கள் பெங்களூரு மாநகரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இங்கே யெலஹங்கா தளத்திலிருந்து ஒரு போர் விமானம் கிளம்பி, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேர் தெற்கே போனால் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்ட இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் தீவில் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு 50 கிலோமீட்டர், மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த மூன்றரை நிமிட வானத்துக்குள்தான் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி ஏறும் பயணிகள் விமானங்கள் அத்தனையும் இருக்கின்றன. வடக்கே திரும்பினால் மலேசியா, தெற்கே திரும்பினால் இந்தோனேசியா.

விமானப் பயிற்சிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நாலு விமானத்துக்கு நாலு விமானம் என்று மோதல் பயிற்சி வைத்தால், இரண்டு அணிகளும் நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகி நின்று ஆரம்பிக்க வேண்டும். ரேடாரில் எதிரி படுகிறான், யார் என்று அடையாளம் பார்க்கிறார்கள், ஏவுகணை எட்டும் தூரத்துக்குள் நுழைவதா, திரும்பிவிடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் முழுப் பயிற்சியும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்தால் வெடிச் சத்தம் கீழே விழும், அதை அடுக்குமாடிகளுக்கு மேல் செய்ய முடியாது. நிஜக் குண்டு போட்டுப் பழக வேண்டுமென்றால், குறி தவறினாலும் ஒருவர் மேலும் விழாத அளவுக்குச் சுற்றிலும் வெற்று நிலம் வேண்டும். அரிசோனாவில் பேரி கோல்ட்வாட்டர் என்றொரு பயிற்சி நிலம் இருக்கிறது. அந்தப் பாலைவனம் மட்டுமே உன் நாட்டைப்போல் ஒன்பது பத்து மடங்கு. உங்கள் படை அங்கே போய்ப் பெரிய பயிற்சிகள் நடத்தியிருக்கிறது.

இந்திய விமானப்படையில் நான் ஜோர்ஹாட்டில் இருந்தேன், புஜ்ஜில் இருந்தேன், கலைகுண்டாவில் இருந்தேன். மாற்றல் வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். அஸ்ஸாமிலிருந்து கட்ச் வரை எல்லாம் ஒரே நாடு என்பதை ஒரு வசதியாக நான் நினைத்ததே இல்லை. பெரிய நாட்டில் பிறந்தவனுக்கு வானம் ஒரு சொத்து என்று தோன்றாது. உங்களுக்கு அது அப்படியில்லை.

உங்கள் படை எங்கிருந்து தொடங்கியது என்று நினைத்துப் பார். பிரிட்டிஷ்காரர்கள் 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968-ல் அறிவித்தார்கள். சுதந்திரம் வந்து மூன்று வருடம்கூட ஆகாத நாடு. அந்த 1968 செப்டம்பரில் சிங்கப்பூர் வான் பாதுகாப்புத் தலைமையகம் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். கையில் கிடைத்த முதல் விமானங்கள் செஸ்னா 172, சின்ன ஒற்றை இன்ஜின் வண்டி. 1975-ல்தான் சிங்கப்பூர் குடியரசு விமானப்படை என்ற இன்றைய பெயர் வந்தது. வானத்துக்கு அன்றே தட்டுப்பாடு. அண்டை நாடு கொடுத்த சலுகை நிலைக்குமா என்பதும் உறுதியில்லை. 1998-ல் மலேசியா தன் வான்வெளியில் உங்கள் ராணுவ விமானங்கள் பறக்கக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. உங்கள் தெங்கா தளத்திலிருந்து கிளம்பும் விமானம் சட்டென்று திரும்பியாக வேண்டிய நிலை. இந்தோனேசியாவோடு போட்ட பயிற்சிப் பகுதி ஏற்பாடு 2003-ல் முடிந்தது. 2007-ல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை. மறுபடி பேசி 2022-ல் கையெழுத்திட்டு, 2024 மார்ச்சில்தான் அது அமலுக்கு வந்தது.

அதனால் தூரத்து நாடுகளில் இடம் தேடினார்கள். 1993-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ், அதே வருடம் அரிசோனாவின் லூக். 1998-ல் பிரான்சின் கசோ. ஹெலிகாப்டர்களுக்கு குவீன்ஸ்லாந்தில் ஓக்கி. எஃப்-15 வந்தபோது 2009-ல் மவுண்டன் ஹோம், தம்பி போகும் இடம். ஒரு சிங்கப்பூர் போர் விமானியின் பாதையை நினைத்தால் எனக்கு வியப்பு தீருவதில்லை. பியர்ஸில் பிசி-21 விமானத்தில் பறக்கக் கற்கிறான். கசோவில், அட்லாண்டிக் கரையோரம், எம்-346 ஜெட்டில் போர்ப் பயிற்சி. அதன் பிறகுதான் எஃப்-16, எஃப்-15. தன் சொந்த ஊருக்கு மேலே பறக்கும் முன்பே இரண்டு கண்டங்களின் வானிலை அவனுக்குப் பழகிவிடுகிறது.

கலைகுண்டாவைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. கரக்பூருக்குப் பக்கத்தில், மேற்கு வங்கத்துச் செம்மண் பூமி. குண்டு போடும் தூத்குண்டி பயிற்சி நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் இரண்டு நாட்டு விமானப்படைகளும் முதலில் 2004-ல் குவாலியரில் சேர்ந்து பறந்தன. 2007 அக்டோபரில் முறையான ஒப்பந்தம் ஆகி, உங்கள் படை தன் விமானங்களோடும் ஆட்களோடும் கலைகுண்டாவில் வந்து தங்கிப் பயிற்சி செய்ய வழி பிறந்தது. நான் அங்கே ரேடார் ஃபிட்டராக இருந்த காலத்தில் அவர்கள் வந்தார்கள். சி-130 சரக்கு விமானத்திலிருந்து கருவிப் பெட்டிகள், சோதனைக் கருவிகள், உதிரிப் பாகங்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தன. எது விட்டுப்போனாலும் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வர வேண்டும் என்பதால் ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடக் கணக்கு வைத்திருந்தார்கள். வருட இறுதி மாதங்களில் அங்கே வானம் கழுவி விட்டதுபோல இருக்கும், அதே நேரம் உங்கள் தீவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். வானிலையையும் சேர்த்துத்தான் அவர்கள் தேடி வந்தார்கள்.

ஒரு நாள் காலை, விமானங்கள் நிறுத்தும் டிஸ்பர்சலில், ஒரு பையன், முப்பது வயதுகூட இருக்காது, என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தமிழா?" என்றான். உட்லண்ட்ஸில் வளர்ந்தவனாம், தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம். அனுமதி வாங்கி அவனைக் கரக்பூருக்குக் கூட்டிப்போனேன். ரயில்வேக்காகப் பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிய தெலுங்குக்காரர்கள் நிறைந்த ஊர், இட்லி தோசைக்குக் குறைவில்லை. அவன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "ஊர்ல நாங்க ஒரு எஞ்சினைக் கழட்டினா பக்கத்து ஹேங்கர்ல கேட்டு வாங்கிக்கலாம். இங்க யார்கிட்டயும் கேட்க முடியாது. அதனாலதான் வேலை தெரியுது."

தம்பிக்கு இதைச் சொல். விமானிகளுக்காவது சிமுலேட்டர் உண்டு, பாதிக் கல்வியை அதில் முடிக்கலாம். ஏவியானிக்ஸ்காரனுக்கு அது பெரிதாக உதவாது. காலையில் உறைபனியில் கனெக்டர் எப்படி நடந்துகொள்ளும், பகல் புழுதி கூலிங் டக்டில் எப்படிப் படியும், நிஜக் குண்டு மாட்டியிருக்கும்போது சுற்றி நிற்பவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே நின்று கை வைத்தால்தான் வரும். மவுண்டன் ஹோமில் இருக்கும் 428-வது ஸ்குவாட்ரனில் அமெரிக்கர்களும் சிங்கப்பூர்காரர்களும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். அந்த அனுபவம் தெங்காவிலோ பாய லேபாரிலோ கிடைக்காது.

நம் ஊரில் களம் இல்லாத வீட்டார் அடுத்தவர் களத்தில் நெல் அடிப்பார்களே, நினைவிருக்கிறதா? போகும்போது தங்கள் வீட்டைவிடச் சுத்தமாகக் கூட்டிவிட்டுத்தான் போவார்கள். கலைகுண்டாவில் அதைத்தான் பார்த்தேன். கிளம்பும் நாளன்று அந்தப் பையன்கள் வரிசையாக நடந்து டார்மாக்கில் கிடந்த சிறு கல், கம்பித்துண்டு வரை பொறுக்கினார்கள். ஓடுதளத்தில் கிடக்கும் ஒரு கல் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்பது தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் செய்வதுதான், ஆனால் கிளம்பிப் போகிறவர்கள் செய்யும்போது அதில் மரியாதையும் சேர்ந்துகொள்கிறது.

உன் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான் மாப்ளே. உங்கள் நாட்டின் பாதுகாப்பு விமானங்களில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, இத்தனை நாடுகள் "வா, என் வானத்தில் பற" என்று சொல்லும் நம்பிக்கையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பயிற்சி நிலங்களைப் பெரிதாக்க 225 கோடி ஆஸ்திரேலிய டாலர் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஆண்டுக்கு 14,000 பேர் வரை அங்கே பயிற்சி செய்யலாம். பணம் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பணத்துக்காக மட்டும் யாரும் அந்நிய நாட்டுப் போர் விமானத்தைத் தன் ஓடுதளத்தில் நிறுத்தமாட்டார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது கடைசியில் தம்பி மாதிரிப் பிள்ளைகள் அங்கே எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நம்மவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 2024-ல் கலைகுண்டாவில் உங்கள் எஃப்-16, எஃப்-15 விமானங்களோடு நம் சுகோய்-30, ரஃபேல், பெங்களூரில் உருவான தேஜஸ் எல்லாம் சேர்ந்து பறந்தன. வேறு வகை விமானத்தோடு, வேறு வகையில் யோசிக்கும் விமானியோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பு உள்ளூரில் கிடைக்குமா?

தங்கச்சியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதற்கு விலை கொடுப்பது குடும்பங்கள்தான். தாத்தா பாட்டியைத் திரையில் மட்டும் பார்த்து ஒரு குழந்தை வளர்கிறது. மருமகள் சிங்கப்பூரில் தன் வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். நான் ஜோர்ஹாட்டில் இருந்தபோது என் மகள் பிறந்தாள், நான் அவளைப் பார்த்தது இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாதத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. எனவே "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தங்கச்சியிடம் சொல்லாதே. வருத்தம் நியாயமானது, போவதும் தேவையானது, இரண்டையும் சேர்த்துச் சொல். இன்னொன்றையும் மெதுவாகச் சொல்லிவை. நீங்கள் வாங்கும் எஃப்-35-க்கான பயிற்சி ஆர்கன்சாஸில், ஃபோர்ட் ஸ்மித்தில் இருக்கும் எப்பிங் தளத்தில். தம்பி கெட்டிக்காரன், நாளைக்கு அங்கேயும் கூப்பிடலாம்.

சில நடைமுறை விஷயங்கள். மவுண்டன் ஹோம் சின்ன ஊர், பனி விழும், பாய்சி நகரத்துக்குக் காரில் ஒரு மணி நேரம். மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியாவிட்டால் போவதற்குள் கற்றுக்கொள்ளட்டும், இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடப்பாள். தங்கச்சி மிக்சியையும் கிரைண்டரையும் மூட்டை கட்டாமல் பார்த்துக்கொள், அங்கே மின்சாரம் 120 வோல்ட், உங்கள் வீட்டு மிக்சி சரியாகச் சுற்றாது. பிரஷர் குக்கர் மட்டும் போகட்டும்.

கிளம்பும் தேதி தெரிந்ததும் எழுது. அதற்கு முன் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணச் சொல். அவன் வேலை பார்க்கும் விமானத்து ரேடாரைப் பற்றி, அவன் வெளியே சொல்லக்கூடிய அளவுக்கு, எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் வடக்குத் தெரு நண்பன்