ஏப்ரலிலும் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய கெமைண்டே (ஊராட்சி) தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஜெர்மன் வடிவம் சென்ற திங்கட்கிழமையே பதிவுத் தபாலில் உங்களுக்கு வந்திருக்கும். மகள் திருத்தித் தந்தது. அதையே தமிழிலும் எழுதி எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன். இந்தச் சுவிஸ் ஊரில் காளான் பொறுக்கக் கூடை தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களில் எங்களவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லியாகவேண்டும்.

விடயம் உங்களுக்குப் புதிதல்ல. காட்டில் எடுத்த காளான் நல்லதா நஞ்சா என்று பார்த்துச் சொல்லும் எங்கள் காளான் பரிசோதனை நிலையம் ஆகஸ்ட் நடுவில் திறந்து ஒக்டோபர் முடிவில் பூட்டப்படுகிறது. வசந்தகாலத்திலும் திறக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதினோம். "வசந்தகாலத்தில் தேவை மிகக் குறைவு" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரி என்று பேசாமல் இருந்தோம். இந்த வருடம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைக்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அன்று காலை ஒன்பது வயதுப் பேத்தியோடு ஆற்றங்கரைக் காட்டுக்குப் போனேன். இரண்டு நாள் மழை பெய்து வெயில் எறித்த காலை. நிலமெல்லாம் காட்டுப்பூண்டு மணம். ஏஷே (ஆஷ்) மரங்களின் அடியில், போன வருடச் சருகின் நிறத்திலேயே, தேன்கூடு போலக் குழிகுழியாக மோர்ஹெல் காளான் நின்றது. ஒன்று கண்ணில் பட்டால் அந்த இடத்தில் குந்தி இருக்கவேண்டும். கண் பழகப் பழகத்தான் இரண்டாவதும் மூன்றாவதும் தெரியும். பிள்ளைக்கு என்னைவிடக் கண் கூர்மை. பதினான்கு கண்டுபிடித்தாள். திரும்பும் வழியில், மேட்டிலுள்ள பைன் மரங்களுக்குக் கீழே இன்னும் மூன்று கிடைத்தன என்று ஓடிவந்து அவளே கூடைக்குள் போட்டாள். நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை. அது என் பிழை. அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

வீட்டுக்கு வந்து பத்திரிகைத் தாளில் பரப்பி, ஒவ்வொன்றாக நீளவாக்கில் வெட்டினேன். நான் 1989இல் இந்த நாட்டுக்கு வந்து, பதினேழு வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவன். அங்கே ஒரு தலைமைச் சமையற்காரர் சொல்லித் தந்தது இது: மோர்ஹெல் என்றால் தலையிலிருந்து தண்டு வரை உள்ளே வெறும் கூடு, ஒரே குகை மாதிரி இருக்கும். பதினான்கும் அப்படியே இருந்தன. பைன் மரத்தடியில் எடுத்த மூன்றும் அப்படி இல்லை. உள்ளே அறை அறையாக மடிந்திருந்தன, வெளியே மூளையின் மடிப்புப் போல. லோர்ஹெல் என்ற நஞ்சுக் காளானாக இருக்குமோ என்று நெஞ்சு பதறியது. ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் இடையில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்று விருந்து. மற்றதன் நஞ்சு உடம்புக்குள் போய், ரொக்கட் எரிபொருளாகப் பயன்படும் ஓர் இரசாயனமாக மாறி ஈரலையும் நரம்பையும் பிடிக்கும்.

பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் பரிசோதகரின் இலக்கத்துக்கு அழைத்தேன். ஆகஸ்டில் சந்திப்போம் என்று பதிவு செய்த குரல் சொன்னது. பக்கத்துக் கெமைண்டேயில் ஒருவர் எடுத்தார். மிகவும் தன்மையான மனிதர். ஆனால் அவர்களுடைய வதிவாளர்களுக்கு மட்டுமாம். மூன்றாவது இடத்தில் செவ்வாய் பின்னேரம் வரச் சொன்னார்கள். செவ்வாய் வரை மோர்ஹெல் தாங்குமா? பேத்தியின் தகப்பன் கைத்தொலைபேசிச் செயலியில் படம் எடுத்துப் பார்த்தார். அந்த மூன்றையும் அது மோர்ஹெல் என்றே காட்டியது.

நான் வராந்தாவில் நின்று நாலாவது இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் முட்டை பொரிந்தது. "மாமா, நல்லதுகளைத்தான் எடுத்தனான், பயப்படாதேங்கோ" என்றார் மருமகன். நல்லவற்றில் ஒரு கைப்பிடியை நறுக்கி, இரண்டு நிமிடம் வதக்கி, முட்டை அடித்து ஊற்றியிருந்தார். அவரும் பிள்ளையும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

அப்புறம் அந்த இரவு. அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எட்டு மணிக்குப் பிள்ளை வயிற்றைப் பிடித்தாள். ஒன்பதுக்கு வாந்தி. எழுந்து நடக்கக் கால் தள்ளாடியது, சுவரைப் பிடித்து நடந்தாள். மருமகனுக்கும் அதே. நஞ்சு அவசர உதவி இலக்கமான 145க்கு அழைத்தேன். எடுத்த பெண் ஒரு நிமிடமும் வீணாக்காமல் கேட்டார்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் சமைத்தது, வெட்டிப் பார்த்தபோது உள்ளே எப்படி இருந்தது, மிச்சம் இருக்கிறதா. மிச்சத்தையும் தாளில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வெளிக்கிடச் சொன்னார். அங்கே ஈரலுக்கு இரத்தம் எடுத்தார்கள். லோர்ஹெலின் நஞ்சு ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் கழித்தும் தொடங்கலாம் என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நானும் மகளும் அந்த மணித்தியாலங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். பிள்ளை ஒருமுறை கண்ணைத் திறந்து, "அம்மப்பா, அந்த மூண்டையும் நான்தானே போட்டனான்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது? அவள் சாப்பிட்டதில் அவை இல்லை என்று நான் நம்பினேன். உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இரவு பதினொன்றரைக்கு, வைத்தியசாலை அழைத்த காளான் நிபுணர் ஒருவர் வந்தார். தட்டில் ஒட்டியிருந்த துண்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். சாப்பிட்டது முழுவதும் மோர்ஹெல்தான். தாளில் ஒதுக்கி வைத்த மூன்றும் லோர்ஹெல். பிள்ளைக்கு வந்தது சரியாக வேகாத மோர்ஹெலின் நஞ்சு. நல்ல மோர்ஹெலும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ளே போனால் வருத்தும். இருபது நிமிடமாவது நன்றாக வேகவேண்டும் என்றார். திங்கட்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கடவுள் புண்ணியம்.

மதிப்பிற்குரியவர்களே, ஒரு விடயத்தைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். நஞ்சு உள்ளே போன பிறகு, நள்ளிரவில், என் கூடையைப் பார்க்க இந்த நாட்டில் ஓர் ஆள் இருந்தார். சாப்பிடுவதற்கு முன், பட்டப்பகலில், அதே கூடையைப் பார்க்க ஆள் இல்லை. அந்த மனிதர் இரவில் சொன்ன இரண்டு விடயத்தையும், "இந்த மூன்றையும் எறி, மற்றதை நன்றாக அவி" என்பதை, எங்கள் பரிசோதகர் பின்னேரம் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

ஆகவே எங்கள் கோரிக்கை: ஏப்ரலிலும் மேயிலும் கிழமைக்கு இரண்டு பின்னேரம், ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம், நிலையத்தைத் திறந்து வையுங்கள்.

தேவை குறைவு என்கிறீர்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து திரும்பியவர்களை யார் எண்ணினார்கள்? உங்கள் கணக்கில் வசந்தகாலத்துக்கு நேரே பூச்சியம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் போல நூறு வகைக் காளான் இப்போது இல்லை என்பது உண்மைதான். ஆனால் மோர்ஹெல் போலத் தோன்றுவது லோர்ஹெல் மட்டுமல்ல, தொப்பி உச்சியில் மட்டும் ஒட்டித் தொங்கும் வேர்ப்பெல் என்ற காளானும் இருக்கிறது. மோர்ஹெலைத் தெரிந்தவர்கள் என்று எண்ணிக்கொள்பவர்களும் தவறலாம். 2023இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் மோரல், அதாவது இதே காளான், சாப்பிட்ட 51 பேர் நோயாகி இருவர் இறந்தார்கள். அது காட்டில் பொறுக்கியதுகூட இல்லை, வளர்த்து இறக்குமதி செய்தது. பச்சையாகவும் அரைகுறையாகச் சமைத்தும் பரிமாறியிருக்கிறார்கள். சமைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கதி என்றால், என் மருமகனை நான் எப்படிக் குறை சொல்வது?

"தெரியாவிட்டால் எடுக்காதீர்கள்" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். அதை நான் மறக்கவில்லை. இந்த நாட்டின் குடியியல் சட்டம் 1912இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 699ஆவது பிரிவு, ஊர் வழக்கப்படி காட்டுக்குள் போகவும் காட்டுப் பழங்களும் காளான்களும் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பெர்ன் மாநிலத்தின் விதிப்படி மாதத்தின் முதல் ஏழு நாளும் நாங்கள் கூடையைத் தொடுவதில்லை, ஆளுக்கு 2 கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை. விதியை எங்களுக்குச் சொல்லித் தந்தது அந்த நிலையத்தின் பரிசோதகர்தான். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளும் இடம் அது. அதையும் பூட்டிவிட்டு, தெரியாவிட்டால் எடுக்காதே என்றால் எப்படி?

ஒன்றொன்றாகத்தான் கதவுகள் பூட்டப்படுகின்றன. தபால் கந்தோர் போனது. பின்னேர ஜெர்மன் வகுப்பு போனது. கெமைண்டே அலுவலகம் புதன்கிழமை திறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் பாருங்கள் என்ற பதில். மோர்ஹெல் முளைக்கும் அந்த மரங்களையும் பாருங்கள். ஏஷே மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பூஞ்சணம் 2008இல் இந்த நாட்டுக்கு வந்தது. ஆற்றங்கரையில் பாதி மரம் காய்ந்து நிற்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு மோர்ஹெல் காட்ட எத்தனை வசந்தம் மிச்சம் இருக்கிறதோ தெரியாது. அந்தக் கொஞ்சக் காலத்தையும் பயத்தோடு கழிக்கவேண்டுமா?

மன்னிக்கவேண்டும், சொல்லவந்ததை விட்டுத் தள்ளிப் போய்விட்டேன்.

எங்கள் சனத்துக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பூண்டு போட்டு அவித்தால் நஞ்சுக் காளான் கறுக்கும், வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்று ஊரில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சோதனை எதுவும் உண்மையில்லை. வெட்டிப் பாருங்கள், சந்தேகம் என்றால் எறியுங்கள், நல்லதையும் நன்றாக அவியுங்கள். லோர்ஹெலை அவிக்கும் ஆவியிலும் நஞ்சு உண்டு என்பதால் அதை அடுப்பில் வைத்துச் சோதிக்க வேண்டாம். சாப்பிட்டுச் சுகமில்லாவிட்டால் காலை வரை பொறுக்காமல் 145க்கு அழையுங்கள், மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள்.

சபையினரே, செலவுதான் தடை என்றால் அதையும் குறைக்கலாம். பரிசோதகர் இரண்டு பின்னேரம் வரச் சம்மதம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அறையைத் திறந்து, மேசை துடைத்து, விளக்கு அணைத்துப் பூட்டும் வேலையை நான் சம்பளமில்லாமல் செய்கிறேன். திறப்பை மட்டும் தாருங்கள். மழை நாட்களில் யாரும் வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன்.

ஏப்ரல், மே. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
36 வருடமாக இந்த ஊரில் வசிக்கும் ஒரு பேத்தியின் அம்மப்பா