தராசில் போடும் முன் ஒரு முறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலத்தில் 38 வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். போகி முடிந்த மூன்றாம் நாள், பெடல் மாட்டும் கிராங்க் ஒன்று தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில் ராலே என்ற இங்கிலாந்து கம்பெனியின் ரேஸ் சைக்கிள் ஒன்று கிடந்தது. குடவாசல் பக்கம் ஒரு வீட்டில் பரணை ஒழித்தபோது எடைக்குப் போட்டார்களாம். பன்னிரண்டரைக் கிலோ, கிலோ 30 ரூபாய் வீதம் 375 ரூபாய். நம் ஊர்க் கனத்த வண்டியாக இருந்தால் 20 கிலோ நின்றிருக்கும், 600 ரூபாய் கிடைத்திருக்கும். எடை குறைய வேண்டும் என்றே பார்த்துப் பார்த்துச் செய்த வண்டிக்கு, எடை குறைவு என்பதாலேயே விலையும் குறைந்துபோனது. எனக்கு வயிறு எரிந்தது. 500 ரூபாய் கொடுத்து எடுத்து வந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்கும் போய் விசாரித்தேன். தாத்தா மலாயாவில் வேலை பார்த்தவர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது கூடவே கொண்டு வந்தாராம். "குனிந்து ஓட்ட யாருக்கும் வரவில்லை, மேலே ஏற்றிவிட்டோம்" என்றார் மருமகள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. துருப்பிடித்த வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முன்பக்கத் தகடு. அதில் நாட்டிங்ஹாம், இங்கிலாந்து என்று இருக்கிறதா பாருங்கள். மேற்கு வங்காளத்து அசன்சோலில் சென் ராலே கம்பெனி செய்தவையும் நல்ல வண்டிகள்தான், ஆனால் அவற்றின் மதிப்பு வேறு. பல் சக்கரத்தில் ராலே சின்னமான கொக்குத் தலை வெட்டியிருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம், அது இரண்டிலும் உண்டு. அப்புறம், சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயைத் துடைத்துப் பாருங்கள். 531 என்ற எண்ணோடு ஒரு சின்ன ஒட்டுப்படம் இருந்தால், அது ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய். குழாயின் சுவர் மெல்லியது, ஆனால் வலு அதிகம். என்னிடம் உள்ள வண்டியில் ஒட்டுப்படம் பாதி உரிந்து, ஐந்தும் மூன்றும் மட்டும் நிற்கின்றன. ஸ்பானரால் லேசாகத் தட்டினேன், கணீர் என்றது.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது பெயின்ட் அடிக்காதீர்கள். தேடி வாங்குபவர்கள் பழைய பெயின்ட்டுக்கும் எழுத்துக்கும்தான் விலை கொடுக்கிறார்கள். 1994-ல் இப்படி ஒரு வண்டிக்கு நானே கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தேன், அது இன்னும் மனதை உறுத்துகிறது. கிராங்க் அச்சிலும் கவனம் வேண்டும். அந்த அச்சைத் தாங்கும் பழைய ராலே பி.பி. கப்பில் அங்குலத்துக்கு 26 மரை, கடையில் கிடைப்பது 24. பொருந்தவில்லையே என்று வலுவாக முறுக்கினால் பிரேமின் மரையே போய்விடும்.

சரி, வண்டியின் வயது? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஹேண்டிலில் கியர் விசை இருக்கிறது, ஒயர் அறுந்து தொங்குகிறது. பின்சக்கரத்தை மட்டும் அன்று காலையிலேயே யாரோ தனியாக வாங்கிப் போய்விட்டார்களாம். கியர் இருப்பதே அதன் நடுவிலுள்ள ஹப்புக்குள்தான். அந்த ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கம்பெனிப் பெயரும், செய்த வருடத்தின் கடைசி இரண்டு எண்களும் பொறித்திருக்கும். அந்த எண்களும் தாத்தா ஊர் திரும்பிய காலமும் ஒத்துப்போனால் வயதை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 40 ஸ்போக்ஸ், தடித்த ஹப், அச்சின் ஓரத்தில் ஒரு சின்னச் சங்கிலி வெளியே வரும். அப்படியொரு பழைய பின்சக்கரம் நம் வட்டாரத்தில் யாரிடமாவது இருந்தால், ரயில்வே கேட் பக்கத்தில் உள்ள என் கடைக்குக் கொண்டு வாருங்கள். கொடுத்ததற்கு மேலேயே தருகிறேன். வண்டியை முழுசாக்கி அந்தக் குடவாசல் வீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
நீடாமங்கலம்